கால் தரையை விடும் நொடி

குட்டிக்கரணம் அடிக்க எழும்பும் வீராங்கனைக்கு, கால் தரையை விட்ட பிறகு புதிதாகச் சுழற்சி சேர்த்துக்கொள்ள வழியே இல்லை. உதைத்து எழும்பும்போது தரையிடமிருந்து எவ்வளவு கோண உந்தம், அதாவது சுழற்சியின் உத்வேகம், வாங்கினாரோ, இறங்கும் வரை அதே அளவுதான். உடலைச் சுருட்டினால் வேகமாகச் சுற்றலாம், விரித்தால் மெல்லச் சுற்றலாம். காற்றில் அவருக்கு இருக்கும் சுதந்திரம் அவ்வளவுதான். சோவியத் ஒன்றியத்தின் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி பெற்ற வெற்றியையும் அதற்குக் கொடுத்த விலையையும் இந்த ஒரு விதியை வைத்தே புரிந்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் முதன்முதலாகக் களமிறங்கிய அந்த அணி, அங்கேயே தங்கம் வென்றது. 1988 வரை கலந்துகொண்ட ஒன்பது ஒலிம்பிக்கிலும் அணித் தங்கம் அவர்களுக்குத்தான். 1984இல் மட்டும் அவர்கள் போகவில்லை. அது அரசியல் புறக்கணிப்பு.

தொடக்க கால அணியின் முகம் லரிசா லத்தினினா. அவர் ஆடிய முதல் ஒலிம்பிக்கில் அவருக்கு 21 வயது, கடைசி ஒலிம்பிக்கில் 29. மொத்தம் 18 பதக்கங்கள். 1958 உலகப் போட்டியில் வயிற்றில் குழந்தையோடு பட்டம் வென்றார்! வளர்ந்த பெண்களின் விளையாட்டாக அது இருந்த காலம். பாலே நடனத்தின் நளினத்துக்குத்தான் அன்று மதிப்பு அதிகம்.

1972இல் மியூனிக்கில் எல்லாம் மாறியது. கிரோத்னோ நகரிலிருந்து வந்த 17 வயது ஓல்கா கோர்புத், இரட்டைக் கம்பிகளில் உயரமான கம்பியின் மேல் நின்று, பின்னோக்கிக் கரணம் அடித்து, அதே கம்பியைத் திரும்பப் பிடித்தார். 10 சென்டிமீட்டர் அகலமே உள்ள கட்டையின் மேலும் பின்கரணம் போட்டார். ஒட்டுமொத்தப் பிரிவில் வென்றவர் அவருடைய அணியின் லுத்மிலா துரிஷேவா. ஆனால் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மனதில் நின்றது சின்னஞ்சிறு கோர்புத்தான்.

அந்தச் சின்ன உடலுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே வாகில் இரண்டு பெண்கள், ஒருவர் மற்றவரைவிட 10 விழுக்காடு குள்ளம் என்று வைத்துக்கொள்வோம். தசையின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அது 19 விழுக்காடு குறையும். எடை கனஅளவைப் பொறுத்தது. 27 விழுக்காடு குறையும். சுழலவிடாமல் தடுக்கும் நிலைமத் திருப்புத்திறனோ உயரத்தின் ஐந்தாம் மடியைப் பொறுத்தது. அது 41 விழுக்காடு குறைந்துவிடும்! வலிமையில் கொஞ்சம் இழந்து, சுழற்சியில் நிறையச் சம்பாதிக்கிறார் குள்ளமானவர்.

கரணங்கள் கூடக்கூட இந்தக் கணக்கு வலுத்தது. 1976 மாண்ட்ரியாலில் நெல்லி கிம் தரைப் பயிற்சியில் இரட்டைப் பின்கரணம் அடித்து முழுப் பத்து மதிப்பெண் வாங்கினார். அப்புறம் எல்லோரும் அதற்கு மேல் போக வேண்டியதாயிற்று. அணிகளில் வயதும் உயரமும் குறைந்துகொண்டே வந்தன.

எலினா முகினாவைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்றும் கை தயங்குகிறது. 1978 உலகச் சாம்பியன் அவர். அடுத்த ஆண்டு கால் முறிந்தது. அது சரியாக ஆறுவதற்குள் மீண்டும் கடும் பயிற்சி. ஆண்கள் செய்துவந்த தாமஸ் கரணத்தை அவருக்கும் கற்பித்தார்கள்: ஒன்றேமுக்கால் கரணம், ஒன்றரை முறுக்கு, பாதத்தில் நிற்காமல் உருண்டு முடிக்க வேண்டும். அதாவது தலை தரையை நோக்கியிருக்கும்போதே கீழே வந்தாக வேண்டும்.

இங்கேதான் அந்த விதி இரக்கமில்லாமல் வேலை செய்கிறது. ஒரு மீட்டர் எழும்பினால் காற்றில் இருக்கும் நேரம் 0.9 நொடி. 80 சென்டிமீட்டர்தான் எழும்பினால் 0.8 நொடி. அந்தப் பத்தில் ஒரு நொடிக்குள் முடிந்திருக்க வேண்டிய சுழற்சி 60 பாகைக்கும் மேல். கால் வலுவிழந்தால் உயரமும் குறையும், வாங்கும் கோண உந்தமும் குறையும். இந்தத் தாவலில் கழுத்து முறியும் என்று முகினாவே முன்னதாகச் சொல்லியிருந்தார். மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இரண்டே வாரம் இருந்தபோது, 1980 ஜூலையில், மின்ஸ்க் நகரப் பயிற்சியில் சுழற்சி போதாமல் தாடை தரையில் மோதியது. கழுத்து முறிந்தது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த உடலோடு 2006 வரை வாழ்ந்தார். விபத்து நடந்தபோது அவருக்கு 20 வயதுதான். ஆறாத காலோடு அந்தத் தாவலைச் செய்யச் சொல்லியிருக்கவே கூடாது. பிறகு அந்தக் கரணம் பெண்களுக்குத் தடைசெய்யப்பட்டது. குறைந்தபட்ச வயது 1981இல் 15 ஆனது, 1997இல் 16 ஆனது.

அதற்குள் நாடே கலைந்துவிட்டது. 1992 பார்சிலோனாவில் முன்னாள் சோவியத் குடியரசுகளின் பெண்கள் ஒலிம்பிக் கொடியின் கீழ் ஒன்றாக நின்று கடைசி அணித் தங்கத்தை வென்றார்கள். அவர்களில் ஒருவர் உஸ்பெகிஸ்தானின் 17 வயது ஒக்சானா சுசோவித்தினா. பின்னாளில் அவர் வால்ட் என்ற ஒரே பிரிவில், அதாவது ஓடிவந்து ஒரு மேசையில் கை ஊன்றித் தாவும் பிரிவில், அதிகக் கவனம் செலுத்தினார். அதில் ஓடிவரும் வேகமே பாதி பலம். கால் தரையை விட்ட பிறகும் மேசையைக் கையால் தள்ளும்போது இரண்டாம் முறை கோண உந்தம் வாங்கிக்கொள்ளலாம். 2021இல் டோக்கியோவில், தன் எட்டாவது ஒலிம்பிக்கில், அவர் அந்த மேசையை நோக்கி ஓடிவந்தபோது வயது 46.