ஆர்கிட் எண்ணின் கடைசியில் ஏன் எக்ஸ்?

முனைவர் பட்ட ஆய்வு செய்யும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பப் போனபோது, ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண்ணைக் கேட்டார்களாம். பதிவு செய்ததும் பதினைந்து இலக்கங்களும் கடைசியில் எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் வந்திருக்கிறது. "இது பிழையா? வேறு எண் வாங்கிவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

பிழை இல்லை. வேறு எண் வாங்கவும் வேண்டாம். ஸ்டீபன் ஹாக்கிங்கின் ஆர்கிட் எண்கூட எக்ஸில்தான் முடிகிறது: 0000-0002-9079-593எக்ஸ்.

ஆய்வாளருக்கு எதற்கு எண்? பெயர் போதவில்லை என்பதால்தான். அதிலும் தமிழ்ப் பெயர்கள் ஆய்விதழ்களின் படிவத்தில் படும் பாடு கொஞ்சமல்ல. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது சொந்தப் பெயரும் அப்பா பெயரின் முன்னெழுத்தும் மட்டுமே. சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பதில் சுப்பிரமணியன் அப்பாவின் பெயர். அவருடைய சித்தப்பா சி. வி. ராமன். இருவரும் நோபல் பரிசு பெற்றவர்கள், ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆனால் பெயரை மட்டும் பார்க்கும் கணினிக்கு அந்த உறவு தெரிய வழியே இல்லை. இன்னொரு பக்கம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நூறு எஸ். குமார்கள் அதே கணினிக்கு ஒரே ஆளாகத் தெரிவார்கள். திருமணத்துக்குப் பிறகு முன்னெழுத்து மாறும் பெண்களின் பழைய கட்டுரைகள் வேறொருவர் கணக்கில் போய் நிற்கும்.

இதோடு நியூமராலஜியும் சேர்ந்துகொள்கிறது. கூட்டுத்தொகை சரியில்லை என்று ஜோதிடர் சொன்னதற்காக, ஆங்கில எழுத்துக்கூட்டில் ஒரு 'ஏ'வையோ 'ஹெச்'சையோ கூடுதலாகச் செருகிக்கொள்ளும் முனைவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அந்த ஓர் எழுத்தால் ராசி கூடுவதில்லை. பத்து வருட உழைப்பு இரண்டு பெயர்களில் பிரிந்து கிடப்பதுதான் மிச்சம்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க 2012 அக்டோபரில் தொடங்கிய சேவைதான் ஆர்கிட். நடத்துவது லாப நோக்கமற்ற அமைப்பு. ஆய்வாளருக்குக் கட்டணம் இல்லை. உறுப்பினராகும் நிறுவனங்கள் தரும் சந்தாவில் நடக்கிறது. எண்ணில் நாடு, துறை, பிறந்த ஆண்டு எதுவும் ஒளிந்திருக்காது. கல்லூரி மாறினாலும், துறை மாறினாலும், பெயரே மாறினாலும் எண் மாறத் தேவையில்லாதது அதனால்தான்.

சரி, எக்ஸுக்கு வருவோம். முதல் பதினைந்து இலக்கங்கள்தான் அடையாளம். பதினாறாவது, மற்ற பதினைந்துக்கும் காவல். அதைக் கணக்கிடும் முறை ஐ.எஸ்.ஓ. 7064 என்ற சர்வதேசத் தரத்தில் இருக்கிறது. ஒரு துண்டுத்தாளும் பேனாவும் போதும்.

ஆர்கிட் எடுத்துக்காட்டாகக் காண்பிக்கும் எண்ணையே எடுத்துக்கொள்வோம்: 0000-0002-1825-0097. இது ஜோசையா கார்பெரி என்ற பேராசிரியருக்கு உரியது. அவர் கற்பனை மனிதர். 1929-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்து அறிவிப்புப் பலகையில் பிறந்தவர், விரிசல் விட்ட பானைகளை ஆராய்பவர். இடமிருந்து வலமாகப் போக வேண்டும். கையில் உள்ள தொகையோடு அடுத்த இலக்கத்தைக் கூட்டி, வந்ததை இரண்டால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். முதல் ஏழும் பூச்சியம், தொகையும் பூச்சியம். அடுத்து 2 வருகிறது, தொகை 4. பிறகு 1: கூட்டினால் 5, பெருக்கினால் 10. பிறகு 8: 18, அதிலிருந்து 36. இப்படியே 76, 162, 324, 648 என்று போய், கடைசியில் 9-ஐக் கூட்டிப் பெருக்கியதும் 1314. இதை 11-ஆல் வகுத்தால் மீதி 5. பன்னிரண்டிலிருந்து ஐந்து போனால் 7. எண்ணின் கடைசி இலக்கம் அதேதான்.

இந்தக் கழித்தலில் விடை 11 வந்தால் 0 என்றும், 12 வந்தால் 1 என்றும் எழுதுவார்கள். 10 வந்தால்? ஒரே இலக்கத்தில் பத்தை எழுத முடியாது. அதனால் ரோமானியப் பத்தான எக்ஸை வைத்துவிட்டார்கள். நம் வாசகிக்குக் கிடைத்த எக்ஸ் இதுதான். ஏறக்குறைய பதினொன்றில் ஒருவருக்கு இப்படி வரும்.

இப்போது ஒருவர் அவசரத்தில் 1825 என்பதை 8125 என்று தட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கு 4, 24, 50, 104, 218, 436, 872, 1762 என்று ஓடும். 11-ஆல் வகுக்க மீதி 2. கடைசியில் எக்ஸ் இருக்க வேண்டும். ஆனால் இருப்பது 7. கணினி உடனே மறுத்துவிடும்.

இது தற்செயல் இல்லை. படிக்குப் படி இரட்டிப்பதால், ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டின் ஓர் அடுக்கு எடையாக அமைகிறது. ஓர் இலக்கம் தவறினால், தொகை மாறும் அளவு 1 முதல் 9 வரையிலான ஒரு வித்தியாசத்தை அந்த எடையால் பெருக்கியது. பிழை தப்பிக்க வேண்டுமானால் அது 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 11 பகா எண். இரண்டின் எந்த அடுக்கையும் அது வகுக்காது, 1 முதல் 9 வரை எதையும் வகுக்காது. தப்பவே முடியாது! பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் கதை அதேதான். ஓர் எடை மற்றதன் இரு மடங்கு என்பதால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் இரண்டின் அடுக்காகவே நிற்கிறது. மனிதக் கை செய்யும் மிகச் சாதாரணமான இரண்டு பிழைகளையும் ஒன்றுவிடாமல் பிடித்துவிடுகிறது, ஒரே ஒரு இலக்கம்.

அதன் கண்ணுக்குத் தெரியாத இடமும் ஒன்று உண்டு. இரண்டின் பத்தாம் அடுக்கான 1024-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் பத்து இடம் தள்ளியிருக்கும் இரண்டு இலக்கங்களுக்கு எடை ஒன்றாகிவிடுகிறது. அவை இடம் மாறினால் தெரியாது. கைதவறி அப்படி மாற்றுவது அபூர்வம்.

நம் ஆதாரின் கடைசி இலக்கமும் இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே வெர்ஹோஃப் என்ற டச்சுக் கணிதவியலாளர் 1969-இல் வெளியிட்ட முறை. எக்ஸ் தேவைப்படாது, ஆனால் துண்டுத்தாளில் போடுவது சிரமம்.

எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது உங்களுடையதாகவும் இருக்க வேண்டும். அதனால்தான் நல்ல இதழ்கள் எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்வதில்லை. ஆர்கிட் கணக்கில் நுழைந்து அனுமதி தரச் சொல்கின்றன. கட்டுரை வெளியானதும் பதிப்பாளர் அதன் டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) விவரத்தோடு உங்கள் எண்ணையும் கிராஸ்ரெஃப் என்ற பதிவகத்தில் சேர்க்கிறார். நீங்கள் சம்மதித்திருந்தால் அங்கிருந்து உங்கள் பக்கத்துக்குக் கட்டுரை தானாக வந்து சேரும். ஒவ்வொரு பதிவுக்குக் கீழும் அதைச் சேர்த்தது யார் என்று எழுதியிருக்கும். அந்த வரியைப் படிக்கப் பழகுங்கள். ஆய்வாளர் தானே சேர்த்ததும் கிராஸ்ரெஃப் சேர்த்ததும் ஒரே எடை கொண்டவை அல்ல.

லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ்கள் 2016 ஜனவரி முதலே இந்த எண்ணைக் கட்டாயமாக்கிவிட்டன. நம் கல்லூரிகளிலோ தரமதிப்பீடு வரும்போதெல்லாம் ஆசிரியர்கள் அதே கட்டுரைப் பட்டியலைப் புதுப் புது எக்செல் தாளில் மறுபடி நிரப்புகிறார்கள். ஆய்வு மாணவரின் உதவித்தொகையே மாதக்கணக்கில் தாமதமாகும் நாட்டில், இப்படி வீணாகும் மனித உழைப்புக்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பிரிட்டனில் ஜிஸ்க் என்ற அமைப்பு பல்கலைக்கழகங்களைக் கூட்டாக உறுப்பினராக்கியது. அதுபோல மாநில அரசு ஒரே சந்தா செலுத்தி, எல்லாப் படிவங்களையும் ஆர்கிட்டிலிருந்து நிரப்ப வழி செய்தால் ஆசிரியர்கள் அந்த நேரத்தை ஆய்வகத்தில் செலவிடுவார்கள்.

கடைசியாக வாசகிக்கு ஒன்று. கணக்கில் கல்லூரி மின்னஞ்சலை மட்டும் வைத்திருக்காதீர்கள், சொந்த மின்னஞ்சலையும் இன்றே சேர்த்துவிடுங்கள். படிப்பு முடிந்ததும் கல்லூரி முகவரி முடக்கப்பட்டால், கடவுச்சொல்லை மீட்க முடியாமல் பலர் புது எண் வாங்கிவிடுகிறார்கள். ஏற்கெனவே இரண்டு எண் இருந்தால், கணக்கு அமைப்புகளுக்குள் போய் ஒன்றை நகல் என்று குறித்து மற்றதோடு இணைத்துவிடலாம். அப்புறம் பழைய எண்ணைத் தேடுபவரும் உங்கள் பக்கத்துக்கே வந்து சேர்வார்.