காப்பகத்து நாய்க்குப் பெயர் வைக்கும் முன்

தத்தெடுத்த நாயின் அட்டையில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும். அது நாய்க்குத் தெரியுமா என்று முதலில் பாருங்கள். நாய் வேறெங்கோ பார்த்திருக்கும்போது, பின்னாலிருந்து சாதாரணக் குரலில் ஒருமுறை சொல்லுங்கள். சற்றுக் கழித்து அதே குரலில் 'பெட்டி' போலச் சம்பந்தமில்லாத ஒரு சொல்லைச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரி திரும்பினால், அது பெயருக்குத் திரும்பவில்லை, குரலுக்குத் திரும்புகிறது. பெயருக்கு மட்டும் காது நிமிர்ந்து வாலாடினால் அதையே வைத்துக்கொள்ளலாம். உடம்பைத் தாழ்த்தி, காதை மடக்கி, உதட்டை நக்கினால் கட்டாயம் மாற்றுங்கள். அந்தச் சொல்லோடு அடியோ அதட்டலோ ஒட்டியிருக்கக்கூடும்.

புதுப் பெயர் சின்னதாக, வீட்டுப் பேச்சில் அடிபடாததாக இருக்கட்டும். 'மணி' அழகான பெயர்தான். ஆனால் 'மணி என்ன?', 'மணியாச்சு' என்று நாள் முழுக்க ஒலித்தால் நாய் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. கட்டளை போல ஒலிக்கும் பெயரும் குழப்பும்: 'வாசு'வில் 'வா' இருக்கிறது, 'போலோ'வில் 'போ' இருக்கிறது. 'ஜோ' என்பது 'நோ' போலவே கேட்கும். தெருவில் வளர்ந்த நாய்க்கு இன்னொன்றும் உண்டு: 'ச்சூ', 'டேய்' என்ற சத்தத்தோடு கல்லும் வந்திருக்கும். அதனால் 'சூசி' வேண்டாம். செல்லமாகக்கூட 'டேய்' சேர்க்காதீர்கள்.

பழக்குவதற்கு, உப்பு, மசாலா, எலும்பு இல்லாமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவில் 10 துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள். சத்தமில்லாத அறையில், கையெட்டும் தூரத்தில், பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். முகம் திரும்பிய நொடியே ஒரு துண்டு. திரும்பாவிட்டால் மறுபடி கூப்பிடாமல் நாக்கைச் சொடுக்கித் திருப்புங்கள். பத்துத் துண்டோடு நிறுத்திவிடுங்கள், ஒரு நாளைக்கு மூன்று வேளை போதும். வீட்டுக்குள் தவறாமல் திரும்பிய பிறகே மொட்டைமாடி, அதன்பின் கயிற்றோடு தெரு. பழைய பெயரை மாற்றுகிறீர்களென்றால் புதியதை முதலில் சொல்லி, உடனே பழையதைச் சொல்லி, துண்டு கொடுங்கள். புதியதற்கே திரும்பத் தொடங்கியதும் பழையதை விட்டுவிடலாம்.

இந்தப் பழக்கம் கெடுவது பெரும்பாலும் மனிதர்களால்தான். பாட்டி 'தங்கம்' என்பார், பிள்ளை 'பப்பி' என்பான், செருப்பைக் கடித்தால் அப்பா பெயரைச் சொல்லிக் கத்துவார். பாவம், அது எதற்குத்தான் திரும்பும்? குளிப்பாட்டவும் ஊசி போடவும் பெயர் சொல்லி அழைக்காதீர்கள், நீங்களே போய் அழைத்து வாருங்கள்.

தடுப்பூசி அட்டையிலும் நாய் வளர்ப்பு உரிமத்திலும் பெயரை மாற்றிவிடுங்கள். நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லு இருந்தால் அதன் எண் மாறாது, அதன் பதிவில் உங்கள் தொலைபேசி எண் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கழுத்துப் பட்டையிலும் முதல் நாளே தொலைபேசி எண்ணைப் போடுங்கள். கதவிடுக்கில் நழுவி ஓடும் புது நாய், இன்னும் பழகாத பெயருக்கு நின்று திரும்பாது.