ஷாலிமார்: ஒரு கார்பன் அணுவும் ஒரு நீல மூடியும்

பழைய பிரெஞ்சு சென்ட் பாட்டில் சேகரிக்கிறவர்களிடம் கெர்லான் கம்பெனியின் ஷாலிமார் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது ஷாஜஹான், மும்தாஜ், முகலாயத் தோட்டம், காதல். பெயர் அங்கிருந்துதான் வந்தது, சரி. ஆனால் அந்த விளம்பரக் கதையைவிட பாட்டிலுக்குள் நடக்கிற வேதியியல்தான் எனக்குச் சுவாரசியம்.

கெர்லான் 1828-ல் பாரிஸில் தொடங்கிய கடை. 1889-ல் ஏமே கெர்லான் ஜிக்கி என்ற சென்ட்டைக் கொண்டுவந்தார். லாவெண்டர், புனுகு போன்ற இயற்கைச் சரக்குகளோடு ஆய்வகத்தில் செய்த கூமரினும் (காய்ந்த புல் மணம் தரும் பொருள்) வெனிலினும் அதில் சேர்ந்தன. வெனிலின் என்பது வெனிலா காய்க்கு அந்த மணத்தைத் தருகிற முக்கியப் பொருள். 1874-ல் ஜெர்மனியில் டீமானும் ஹார்மனும் பைன் மரச் சாற்றிலிருந்து கிடைக்கும் கோனிஃபெரினைக் கொண்டு அதைச் செய்துகாட்டிவிட்டார்கள். அப்புறம் வந்தது எத்தில் வெனிலின். வெனிலின் மூலக்கூறோடு ஒரு கார்பன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் மூக்குக்கு அது இரண்டு முதல் நான்கு மடங்கு காட்டமாகத் தெரிகிறது.

இந்தப் புதுப் பொருளை ஏமேயின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளையான ஜாக் கெர்லான் ஒரு ஜிக்கி பாட்டிலில் ஊற்றிப் பார்த்தார், அதிலிருந்து ஷாலிமார் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கதை கொஞ்சம் அழகாகவே இருக்கிறது, அதனால் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்தால் உறவு தெரியும்.

ஷாலிமாரின் சூட்சுமம் ஆவியாகும் வேகத்தில் இருக்கிறது. மேல்மணமாக, அதாவது முதலில் மூக்கில் படுவதாக, பெர்கமாட்: இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் ஒருவகை எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெய், நிறையவே இருக்கிறது. அதில் உள்ள லிமோனீன் 176 டிகிரி செல்சியஸில் கொதிப்பது, வெனிலினோ 285 டிகிரிக்குப் பக்கத்தில். தோலின் சூட்டில் எதுவும் கொதிக்கப் போவதில்லை என்றாலும், எது முந்தி ஓடும், எது தங்கும் என்பதற்கு இது நல்ல குறிப்பு. தடவியதும் எலுமிச்சைக் குளிர்ச்சி, அது கரையக் கரைய பூக்கள், கடைசியில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் வெனிலா, பிசின், லேசான புகை வாடை. வெனிலாவை மட்டும் போட்டிருந்தால் பேக்கரி மாதிரி இருந்திருக்கும், பெர்கமாட்தான் காப்பாற்றுகிறது.

இனி பாட்டில். 1925-ல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியில் ஷாலிமார் புதிய பாட்டிலோடு வந்தது. வரைந்தவர் அதே குடும்பத்து ரேமோன் கெர்லான், செய்தது பக்காரா கண்ணாடித் தொழிற்சாலை. முகலாயத் தோட்ட நீரூற்றுத் தொட்டி போன்ற அடிப்பாகம், மேலே விசிறி வடிவில் நீல மூடி. வௌவால் பாட்டில் என்றும் பட்டப்பெயர் உண்டு, இறக்கை விரித்த மாதிரி தோள் இருப்பதால். பக்காராவின் சரக்கு காரீயம் கலந்த கண்ணாடி. காரீயம் சேர்ந்தால் ஒளி அதிகமாக வளையும், அதனால் பளபளப்பு. கண்ணாடியும் மென்மையாகி, வெட்டவும் மெருகேற்றவும் வசதியாகும்.

ஆனால் அழகைவிட முக்கியம் மூடியின் அடிப்பகுதி. அந்தக் காலத்து மூடிக்குத் திருகு கிடையாது. மூடியின் தண்டையும் பாட்டில் கழுத்தின் உட்புறத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்தத் தேய்த்து விடுவார்கள்; ஒரு பாட்டிலின் மூடி இன்னொன்றுக்குச் சரியாக உட்காராது, அதற்காகத்தான் பக்காரா பாட்டிலிலும் மூடியிலும் ஒரே எண்ணைப் பொறித்தது. (பழைய பாட்டில் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பதும் இந்த எண்தான்.) அதன்மேல் மெல்லிய சவ்வைப் போர்த்தி நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். முன்பு அந்தச் சவ்வு மாட்டுக் குடலிலிருந்து வந்தது. பார்க்க அலங்காரம் போலத் தெரியும் இந்த நூல்கட்டுக்கு உண்மையான வேலை, ஆல்கஹால் வெளியே போகாமலும் காற்று உள்ளே வராமலும் பார்த்துக்கொள்வது.

காற்று வந்தால் என்ன? லிமோனீன் ஆக்ஸிஜனோடு சேர்ந்து வேறு பொருள்களாக மாறி, டர்பன்டைன் மாதிரி ஒரு வாடை அடிக்கும். வெனிலின் வெளிச்சம் பட்டும் நாள் ஆகியும் நிறம் கருத்துப் பழுப்பாகும். பாதி காலியான பாட்டில் வேகமாகக் கெடுவதும் இதனால்தான், மேலே அவ்வளவு காற்று. சிலர் பழைய ஷாலிமாரைத் திறந்து ஒரு முறை முகர்ந்துவிட்டு, கெட்டுப்போச்சு என்று முகம் சுளிப்பார்கள். அவசரம். முதலில் போவது மேல்மணம்தான். கொஞ்ச நேரம் காத்திருந்தால் அடியில் உள்ள வெனிலாவும் பிசினும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

பழைய சரக்கைத் தோலில் பூசிக்கொண்டு வெயிலில் போவது மட்டும் வேண்டாம். பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டென் என்றொரு பொருள் இருக்கிறது, சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் அது தோலில் தழும்பு போன்ற கறுப்பை உண்டாக்கும். இப்போது வரும் சென்ட்களில் அதை நீக்கிய, அல்லது வெகுவாகக் குறைத்த எண்ணெயைத்தான் போடுகிறார்கள். பழையதும் புதியதும் ஒரே மாதிரி மணக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

சேகரிப்பாளர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நூல் அறுபடாத பாட்டிலுக்குத்தான் விலை, அறுத்தால் விலை போய்விடும், அறுக்காவிட்டால் மணம் தெரியாது. மணத்தைக் காப்பாற்றுவதற்கென்றே பிரான்ஸின் வெர்சாய் நகரில் 1990-ல் தொடங்கிய ஓஸ்மோதெக் என்ற காப்பகம் இருக்கிறது. அங்கே பழைய சென்ட்களை 12 டிகிரி குளிரில், வெளிச்சம் படாமல், ஆர்கான் வாயுவின் கீழ் வைத்திருக்கிறார்கள். ஆர்கான் எதனோடும் வினைபுரியாது, காற்றைவிடக் கனம், அதனால் திரவத்தின் மேல் படிந்து ஆக்ஸிஜனை அண்டவிடாது. அந்த நூல்கட்டு செய்யப் பார்த்த அதே வேலைதான், அதைவிடப் பல மடங்கு திருத்தமாக.