சாம்பல் நீரில் சாம்பல் எங்கே?

போன வாரம் எங்கள் தெருவுக்கு ஒரு துண்டறிக்கை வந்தது. "வீட்டுச் சாம்பல் நீரைக் கழிப்பறை நீரோடு கலக்காமல் தோட்டத்துக்குப் பயன்படுத்தவும்." பக்கத்து வீட்டு ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒரு குடத்துக்கு எத்தனை கைப்பிடி சாம்பல் போடணும் தம்பி?" என்று கேட்டார்.

துண்டறிக்கை சொன்னது குளியலிலும் துணி துவைப்பதிலும் அடுக்களையிலும் மிஞ்சி வெளியேறும் நீரை. ஆனாலும் அவர் கேட்டதில் தப்பே இல்லை. கத்தரிச் செடியில் அசுவினிப் பூச்சி விழுந்தால் அடுப்புச் சாம்பலைத் தூவிப் பழகியவர். அதை விடுங்கள், தமிழின் போக்கே அதுதான். மஞ்சள் நீர் என்றால் மஞ்சள் கரைத்த நீர். உப்பு நீர், சுண்ணாம்பு நீர் எல்லாம் அப்படியே. மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போய் யாரும் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பதில்லை. 'சாம்பல் நீர்' மட்டும் திடீரென்று நிறத்தைக் குறிக்க வேண்டுமாம்!

ஆங்கிலத்தில் 'கிரே வாட்டர்' வந்த வழி வேறு. கழிப்பறை நீரை 'பிளாக் வாட்டர்' என்றார்கள். நல்ல நீருக்கும் அதற்கும் நடுவில் இருப்பது சாம்பல் நிறம், அவ்வளவுதான். அதற்கு முன்பே நம் நாட்டுப் பொறியியல் நூல்களில் இதே நீருக்கு 'சல்லேஜ்' என்ற சொல் இருந்தது, இன்னும் இருக்கிறது. அதில் நிறமே கிடையாது. மொழிபெயர்த்தவர்கள் பொருளை விட்டுவிட்டு நிறத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, மாற்று என்ன? 'கழிவுநீர்' போதுமே என்பார்கள். போதாது. அந்தச் சொல் சாக்கடை முழுவதையும் விழுங்கிவிட்டது. கழிப்பறை நீரையும் இதையும் பிரிப்பதுதான் துண்டறிக்கை சொல்லும் விதியின் நோக்கமே. பிரிக்கச் சொல்லும் விதியில் பிரிக்காத சொல்லை வைத்து என்ன செய்வது? 'மறுபயன்பாட்டு நீர்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. குளித்த நீர் நேராகச் சாக்கடைக்குப் போனாலும் அது அதே வகை நீர்தானே? பிறகு செய்யப்போவதை வைத்து இப்போதே பெயர் சூட்டுவது சரியில்லை.

'புழங்குநீர்' கேட்க அழகாக இருக்கிறது. எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது. ஆனால் "குடிக்க ஒரு குடம், புழங்க ரெண்டு குடம்" என்கிற வீட்டில் அது இன்னும் தொடாத தண்ணீர். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களிடம் போய் அதன் பொருளை மாற்றச் சொல்ல முடியாது. நண்பர் ஒருவர் 'நரைநீர்' என்றார். நரை முடிக்கு மட்டும் இருக்கட்டும்.

என் வாக்கு 'கழுவுநீர்' என்பதற்கு. கழுநீர் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது: அரிசி களைந்த நீர். பேச்சில் கழனித்தண்ணி ஆகி மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. அதன் பக்கத்து வீட்டுச் சொல்தான் கழுவுநீர். குறை இல்லையா என்றால் உண்டு. குளிப்பதைக் கழுவுவது என்று யாரும் சொல்வதில்லை. 'கழுவு' என்றதும் கழிப்பறை வேலை நினைவுக்கு வருகிறவர்களும் இருப்பார்கள். இருந்தாலும் கேட்டவுடன் பாதிப் பொருளாவது விளங்கும். சாம்பலில் அதுகூட இல்லை.

இது வெறும் சொற்சண்டை அல்ல. கிராம வீடுகளுக்குக் குழாய் நீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படித்தான் வெளியே வருகிறது. தூய்மை இந்தியா இயக்கத்தின் 2ஆம் கட்டத்தில் இதைக் கையாள 5,000 பேர் வரையுள்ள ஊருக்குத் தலைக்கு 280 ரூபாய், அதற்கு மேற்பட்ட ஊருக்கு 660 ரூபாய் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். உறிஞ்சுகுழி வெட்டுகிற காசு அது. எந்த நீர் அந்தக் குழிக்குப் போகலாம் என்பது பெயரிலேயே தெரிய வேண்டாமா?

எல்லையும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. நம் ஊரில் அடுக்களை நீரும் இதில் சேர்த்தி. கலிபோர்னியாவில் சமையலறைத் தொட்டி நீரும் பாத்திரம் கழுவும் இயந்திர நீரும் சேராது. எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் காரணம். அங்கே 2009 முதல் துவைக்கும் இயந்திரத்து நீரை மட்டும் அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்துக்குத் திருப்பலாம். நீர் தேங்கக் கூடாது, மூடாக்கு (மண்ணை மூடும் இலைதழை) போன்றவற்றுக்கு அடியில் விட வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு. இதைத் தமிழில் சொல்லும்போது வெறுமனே 'சாம்பல் நீர்' என்று போட்டால் அடுக்களை நீர் உள்ளேயா வெளியேயா என்று வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

விதிப் புத்தகத்துக்குத்தான் ஒற்றைச் சொல் வேண்டும். துண்டறிக்கைக்கு அதுவும் வேண்டாம். "குளித்த, துவைத்த, பாத்திரம் கழுவிய தண்ணீர்" என்று நீட்டி எழுதினால் காகிதம் கிழிந்துவிடாது. அப்படித்தான் ஆயாவுக்கு மறுபடி சொன்னேன்.

"அதான் வாழைக்குப் போகுதே" என்றவர், கொஞ்சம் யோசித்து, "பேத்தி துவைக்கிற மிஷின் தண்ணியுமா?" என்றார்.

விடலாம், கொள்ளுப்பேரனின் மலத்துணி அலசிய தண்ணீர் மட்டும் வேண்டாம் என்றேன்.