மண்டோரின் நான்கு குரல்கள்

மலேசியாவின் கோலக்கெட்டில் பக்கம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் புதிதாக வந்தவரிடம் மண்டோர், அதாவது தோட்ட மேற்பார்வையாளர், "பார்த்துச் சீவு தம்பி" என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. எதைப் பார்ப்பது? வெட்டின் சாய்வு, உளியின் ஆழம், சீவலின் கனம், பால் வடியும் மங்கு (கிண்ணம்) இருக்கும் இடம் எல்லாம் ஒன்றாக வந்து மோதும். மனித மூளையின் செயல்நினைவு ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு விஷயங்களைத்தான் தாங்கும்.

ஆள் தேறத் தேற மண்டோர் பேசும் விதமும் நான்கு கட்டமாக மாற வேண்டும். முதல் கட்டத்தில் அளவுகள்தான் பேச வேண்டும், அதுவும் ஒவ்வொன்றாக. இடப்பக்கம் மேல், வலப்பக்கம் கீழ், சாய்வு சுமார் 30 பாகை. கை அதற்குப் பழகிய பிறகு சீவலின் கனம்: 1 முதல் 1.5 மில்லிமீட்டர். ஆழம் கடைசியில். உள்ளே இருக்கும் கேம்பியம் படலத்துக்கு (புதுப்பட்டை வளரும் மெல்லிய அடுக்கு) 1 மில்லிமீட்டர் முன்னாலேயே உளி நிற்க வேண்டும். பட்டால் மரத்துக்குக் காயம். புதுப்பட்டை கட்டிகட்டியாக வளரும், பிறகு அங்கே உளி ஓடாது. வெட்டப்போகிற கிழட்டு மரம் இருந்தால் ஆழத்தை அதில் பழக்கலாம். கைதேர்ந்த மண்டோர் இங்கேதான் சறுக்குகிறார்: அவர் கை யோசிக்காமல் ஓடுவதால் எதைச் சொல்லாமல் விட்டோம் என்று அவருக்கே தெரியாது. மெதுவாகச் சீவிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லிக் காட்டினால் விட்டுப்போனது வெளியே வரும்.

சில வாரத்தில் ஆள் சோர்ந்துவிடுவார். இது இரண்டாம் கட்டம். சோம்பல் என்று திட்டுவார்கள். உண்மையில் தன் தவறு இப்போதுதான் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. இப்போது அளவோடு காரணமும் தேவை. பால்நாளங்கள் இடமிருந்து வலமாகச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன, ஆகவே இடப்பக்கம் உயர்த்தி வெட்டினால் அதிக நாளங்கள் அறுபடும். விடியலில் நாளங்களின் உள்ளழுத்தம் அதிகம், பால் நன்றாக வடியும்.

மூன்றாம் கட்டத்தில் கை தேறியிருக்கும், ஆனால் மரத்துக்கு மரம் "அண்ணே, இது சரிதானா?" என்று கேட்பார். பதில் சொல்லாதீர்கள்; "உனக்கு எப்படித் தெரியுது?" என்று திருப்பிக் கேளுங்கள். நான்காம் கட்டத்தில் நிரையை (மர வரிசையை) ஒப்படைத்துவிட்டு, எப்போதாவது பட்டையைப் பார்த்தால் போதும். தேறியவருக்கு விளக்கம் கூடக்கூட வேலை கெடுவதும் உண்டு. அவர் மனத்தில் இருக்கும் முறையோடு நம் விளக்கம் முட்டுவதே காரணம். ஸ்லாவா கல்யுகாவும் சகாக்களும் 2003இல் இதை விரிவாக எழுதினார்கள்.

ஆளுக்கேற்பத் தலைமையை மாற்றும் இந்தச் சட்டகத்தை 1969இல் முன்வைத்தவர்கள் பால் ஹெர்சி, கென் பிளாஞ்சர்ட். 1987இல் ராபர்ட் வெக்கியோ பள்ளி ஆசிரியர்களிடம் சோதித்தபோது, புதியவர்கள் விஷயத்தில்தான் அது தெளிவாகப் பொருந்தியது. ஆகவே முதல் கட்டத்தை உறுதியாக நம்பலாம். மற்றவற்றை ஆளைப் பார்த்துத்தான்.

இன்னொன்று, கட்டம் ஆளுக்கல்ல, வேலைக்கு. இருபது வருடம் மரம் சீவியவர் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறினால், குலை பழுத்ததா என்று பார்ப்பதில் அவர் புது ஆள்தான். மூத்தவர் என்று கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டால் காய்க்குலை லாரி ஏறிவிடும். "அண்ணே, கீழே உதிர்ந்த பழம் இருக்கான்னு முதல்ல பாருங்க, அப்புறம் வெட்டுங்க" என்றால் அளவும் போய்ச்சேரும், மரியாதையும் கெடாது.