முதிய குதிரையின் பின்னங்காலும் அதற்குள் ஒரு பூட்டும்

"எங்கள் வயதான குதிரை ஒரு பின்னங்காலைத் தளர்த்தியே நிற்கிறது. இது நொண்டலா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். காலை மாற்றி மாற்றித் தளர்த்தினால் அது ஓய்வு. எப்போதும் ஒரே காலைத் தளர்த்தினால் வலியைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்த ஓய்வுக்குப் பின்னால் இருக்கும் பொறியமைப்பு அபாரமானது. பின்னங்காலில் பின்பக்கம் துருத்தி நிற்கும் மூட்டை முழங்கால் என்று பலர் நினைக்கிறார்கள், அது கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது. அங்கே தொடை எலும்பின் கீழ்முனையில் இரண்டு மேடுகள். உட்பக்க மேடு பெரியது. முழங்கால் சில்லைக் கீழ்க்கால் எலும்போடு மூன்று தசைநார்கள் கட்டியிருக்கின்றன. குதிரை காலை நேராக்கி, சில்லை மேலே இழுத்துச் சற்று உட்புறம் திருப்பும்போது, உட்பக்கத் தசைநாரும் நடுத் தசைநாரும் சேர்ந்த வளையம் அந்த மேட்டின்மேல், கொக்கியில் மாட்டியதுபோல் விழுகிறது. முழங்கால் பூட்டிக்கொள்கிறது.

முழங்கால் பூட்டினால் கணுக்காலும் மடங்காது. தொடை எலும்பிலிருந்து முன்பக்கமாக ஒரு நாண் கணுக்காலுக்குக் கீழே இறங்குகிறது. பின்பக்கமாக இன்னொன்று குதிகால் எலும்புக்குப் போகிறது. இரண்டும் எளிதில் நீளாதவை. ஆகவே ஒரு மூட்டு மடங்கினால் மற்றதும் மடங்கியே ஆக வேண்டும். சுமார் 450 கிலோ விலங்கு மிகக் குறைந்த தசை உழைப்பில் நின்றபடியே கண்ணயர முடிவது இதனால்தான்.

பூட்டைத் திறக்கத் தொடையின் முன்தசை சில்லைத் தூக்கி விடுவிக்க வேண்டும். முதுமையிலும் லாயத்திலேயே கட்டிவைப்பதாலும் அந்தத் தசை கரையும்போது விடுவிப்பு தாமதமாகிறது: கால் பின்னால் விறைத்து நிற்கும், குளம்பின் முனை தரையில் உரசும், பிறகு வெடுக்கென்று முன்னே வரும். முழுதாகப் பூட்டிக்கொண்டால் குதிரையை மெல்லப் பின்னுக்கு நகர்த்துங்கள், பெரும்பாலும் விடுபடும். இதற்கு லாய ஓய்வு கெடுதல். தினசரி நடையும் மென்சரிவில் ஏறுவதும்தான் மருந்து.

முதிய குதிரைகளில் இதைவிட அதிகம் காண்பது கணுக்காலின் கீழ் மூட்டுகளில் வரும் தேய்மானம். அவை அதிகம் அசையாத மூட்டுகள். எலும்புகள் ஒன்றோடொன்று முழுதாக ஒட்டிவிட்டால் வலி தணிவதும் உண்டு.

கெட்டியான சமதரையில் குதிரையை நேராக ட்ராட் (சீரான மெல்லோட்டம்) ஓடவிட்டு, பின்னாலிருந்து இடுப்பெலும்பு முனைகளைப் பாருங்கள். அதிகமாக ஏறி இறங்கும் பக்கமே பெரும்பாலும் நொண்டும் பக்கம். தலையாட்டத்தை மட்டும் நம்பினால், அதே பக்க முன்னங்கால்தான் நொண்டுகிறது என்று ஏமாறலாம். காலை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து ஓடவிடும் சோதனையிலும் சிக்கல் உண்டு: மேலே சொன்ன இரண்டு நாண்களால், கணுக்காலை மட்டும் தனியாக மடக்க வழியில்லை. அதனால்தான் மருத்துவர் மரத்துப்போகும் ஊசியைப் பகுதி பகுதியாகப் போட்டு, எங்கே போட்டால் நொண்டல் குறைகிறது என்று தேடுகிறார். இந்தச் செலவைத் தவிர்த்துவிட்டு மூட்டின்மேல் சூடு போடுவது வெறும் சித்திரவதை. அது தேய்ந்த குருத்தெலும்பைத் திருப்பித் தராது.

வலிக்குத் தரும் ஃபீனைல்பியூட்டசோனை நீண்டகாலம் கொடுத்தால் வயிற்றிலும் பெருங்குடலிலும் புண் வரலாம். மூட்டுக்குள் ஸ்டீராய்டு போடுவதற்குமுன் பிட்யூட்டரி (மூளையின் அடியிலுள்ள சுரப்பி) நோய்க்கான ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். அந்த நோயுள்ள குதிரைக்குக் குளம்பழற்சி வரும் ஆபத்து ஏற்கெனவே அதிகம், ஸ்டீராய்டு அதைக் கூட்டலாம்.

இரண்டு பின்னங்கால்களும் சேர்ந்து தள்ளாடினாலோ, வால் துவண்டு தொங்கினாலோ கோளாறு நரம்பில் இருக்கலாம். அன்றே மருத்துவரை அழையுங்கள். அதுவரை யாரும் ஏற வேண்டாம்.