18 பாயிண்ட் காற்று

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கடற்கரையில், இன்ஸ்கிப் முனையில் தார்ச்சாலை முடிகிற இடத்தில் எங்கள் ஃபோர் வீல் டிரைவ் கிளப்பின் வண்டிகள் பதினொன்றும் வரிசையாக நின்றன. எல்லோரும் இறங்கி ஆளுக்கொரு சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். அப்புறம் ஐந்தாறு நிமிடத்துக்கு ‘உஸ்ஸ்’ என்ற சத்தம் மட்டும்தான். 44 டயர்களிலிருந்து காற்று இறங்குகிற சத்தம்.

குயின்ஸ்லாந்தில் அக்டோபர் மாதத்தின் முதல் திங்கள் மன்னர் பிறந்தநாள் விடுமுறை. சனி, ஞாயிறோடு சேர்த்தால் மூன்று நாள். பிரிஸ்பேன் பக்கம் ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அன்று கூடாரத்தைக் கட்டிக்கொண்டு வடக்கே கிளம்பிவிடுவார்களோ என்று தோன்றும். நாங்கள் போனது, இன்ஸ்கிப்பிலிருந்து படகேறி, கர்ரி தீவுக்கு. 2023 வரை ஃப்ரேசர் தீவு என்றுதான் வரைபடத்தில் இருந்தது. பூர்வகுடிகளான புட்சுல்லா மக்களின் பெயர் இப்போது அதிகாரபூர்வமாகத் திரும்ப வந்திருக்கிறது. சுமார் 120 கிலோமீட்டர் நீளம், உலகிலேயே பெரிய மணல் தீவு, 1992 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அங்கே கிழக்குக் கடற்கரைதான் நெடுஞ்சாலை. 80 கிலோமீட்டர் வேக வரம்பு உண்டு, போலீஸ் உண்டு, சின்ன விமானங்கள்கூட அதே மணலில் வந்து இறங்கும். பெயர் ‘75 மைல் கடற்கரை’. உண்மையில் 75 மைல் கிடையாது.

முதல் தடவை போனபோது நான் காற்றைச் சரியாக இறக்கவில்லை. 36 பாயிண்டிலிருந்து 28க்கு வந்ததும் போதும் என்று எழுந்துவிட்டேன். காற்றுக் குறைந்தால் டயர் கெட்டுவிடும் என்று நம் ஊர் பஞ்சர் கடையில் சொல்லிச் சொல்லி வளர்ந்த புத்தி. படகுத்துறைக்குப் போகும் மணலில் ஐம்பது மீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாக இறங்கியது. கிளப்பின் மூத்தவர் ஒருவர் வந்தார். ஒன்றும் சொல்லாமல் வால்வு மூடியைக் கழற்றி நான்கு டயரையும் 15க்கு இறக்கினார். ரிவர்ஸ் போடச் சொன்னார். யாரும் தள்ளவில்லை, கயிறு கட்டவில்லை. வந்த தடத்திலேயே வண்டி பின்னால் ஏறி வந்துவிட்டது.

இன்ஜின் அதே இன்ஜின், மணலும் அதே மணல். காற்று மட்டும் கொஞ்சம் வெளியே போயிருந்தது. அது எப்படி வண்டியைக் கரையேற்றியது?

சாமானும் ஆட்களுமாக வண்டி 2,800 கிலோ என்று வையுங்கள். ஒரு சக்கரத்துக்கு 700 கிலோ. இந்த எடையைத் தாங்குவது ரப்பர் என்று நினைக்கிறோம். பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான். டயர் தரையில் அமுங்கி அமுங்கி, தொடும் பரப்பையும் காற்றின் அழுத்தத்தையும் பெருக்கினால் 700 கிலோ வருகிற வரை தட்டையாகும். 36 பாயிண்ட் என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ. அப்படியானால் தொடும் பரப்பு ஏறக்குறைய 280 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் அதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். அவ்வளவு சின்ன இடத்தில்தான் 700 கிலோ நிற்கிறது. காற்றை 18க்கு இறக்கினால் அழுத்தம் பாதியாகும், பரப்பு இரண்டு மடங்காகும். இப்போது மடித்த தாளை விரித்துப் போட்ட மாதிரி. (டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் நிஜத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. போக்கு இதுதான்.)

மணலுக்கு முக்கியம் மொத்த எடை அல்ல, சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்பது. 70 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நின்றால் பாதத்தடியில் அரை கிலோவுக்குப் பக்கம்தான் வரும். அதற்கே உலர்ந்த மணலில் கால் புதைகிறது. இரண்டரை கிலோ என்றால் கேட்க வேண்டுமா?

இதில் பலரும் தவறவிடுகிற ஒரு விஷயம் உண்டு. காற்றை இறக்கினால் டயர் அகலமாகிறது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அகலம் கூடுவது ஒரு விரல் அளவுக்குத்தான். நீளம்தான் கூடுகிறது: 14 சென்டிமீட்டர் இருந்த தடம் 25ஐத் தொடும். சக்கரம் கொஞ்சம் டாங்கியின் சங்கிலிப் பட்டை மாதிரி ஆகிவிடுகிறது. இந்த நீளம்தான் பெரிய லாபம். அகலமான சக்கரம் முன்னால் இருக்கும் மணலை அதிகம் தள்ள வேண்டும். நீளமான தடத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, முன்முகம் அதே அளவுதான். விறைத்த டயரோ புதைந்து, தனக்கு முன்னால் ஒரு மணல் மேட்டை உண்டாக்கி, அந்த மேட்டில் ஏறப் பார்க்கும். ஏறி முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். கடற்கரை பார்வைக்குச் சமதளம், ஆனால் வண்டிக்கு நாள் முழுக்க மலையேற்றம். இன்ஜின் சூடேறுவதும் டீசல் குடிப்பதும் இதனால்தான். தனுஷ்கோடிக்குச் சாலை வருவதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேனில் மணல்வழியே போனவர்களுக்கு அந்த முக்கலும் முனகலும் நினைவிருக்கும்.

இதைப் பாலைவனத்தில் பட்டுத் தெரிந்துகொண்டவர்களில் முக்கியமானவர் ரால்ஃப் பாக்னால்ட். எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். 1920களிலும் 30களிலும் லீவு கிடைத்தால் ஃபோர்டு கார்களை எடுத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் போய்விடுவார். டயர் காற்றைக் குறைத்தால் மணல்மேட்டைக் கடக்கலாம் என்பதும், புதைந்த சக்கரத்தடியில் இரும்புத் தகடுகளைச் செருகி ஏற்றலாம் என்பதும் அவர் குழு பழகிப் பரப்பிய வித்தைகள். நாங்கள் கூரைமேல் கட்டிக்கொண்டு போகிற பல் வைத்த பிளாஸ்டிக் பலகைகள் அந்தத் தகடுகளின் பேரப்பிள்ளைகள். பாக்னால்ட் அதோடு நிற்கவில்லை. ஊர் திரும்பிக் காற்றுச்சுரங்கம் கட்டி, மணல் எப்படிப் பறக்கிறது, எப்படிக் குவிகிறது என்று அளந்து 1941இல் புத்தகமாகப் போட்டார். செவ்வாய்க் கிரகத்து மணல்மேடுகளை ஆராய்கிறவர்கள் இன்றும் அவர் கணக்கில்தான் தொடங்குகிறார்கள். கிளப் டிரிப்பில் தொடங்கி செவ்வாய் வரை போன ஆள் என்று எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பிரியம்.

இரண்டாம் உலகப் போரில், கடலிலும் தரையிலும் போகும் டக் என்ற அமெரிக்க வண்டியில், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டயர் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி வந்தது. கரையில் ஏறும்போது குறைப்பது, சாலையைத் தொட்டதும் கூட்டுவது. நாங்கள் குத்தவைத்துச் செய்வதை அது உட்கார்ந்தபடியே செய்தது. பிறகு 1971இல் நிலவில் ஓடிய ரோவருக்குக் காற்றே அடைக்கவில்லை. எஃகுக் கம்பியில் பின்னிய வலைச் சக்கரம், அதுவே அமுங்கித் தட்டையாகும். அதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் போலந்தில் பிறந்த எம். ஜி. பெக்கர். எவ்வளவு அழுத்தினால் மண் எவ்வளவு இறங்கும் என்பதைச் சமன்பாடாக்கியவர்.

சரி, டயரை விட்டு மணலுக்கு வருவோம். கடற்கரையில் மூன்று விதமான மணல் இருக்கிறது. மேலே, அலை எட்டாத இடத்தில் உலர்ந்த பொலபொல மணல். கீழே, அலை அடித்து அடித்து இறுக்கிய ஈர மணல். அதற்கும் கீழே, தண்ணீரில் முழுகிய கூழ். நடுவில் இருப்பதில்தான் ஓட்ட வேண்டும். சிறுபிள்ளைகள் மணல்வீடு கட்டும் சூத்திரமேதான் இது. கொஞ்சம் ஈரம் இருந்தால் இரண்டு பருக்கைகளுக்கு நடுவே தண்ணீர் சின்னப் பாலமாக நிற்கும். அதன் பரப்பு இழுவிசை பருக்கைகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். தண்ணீரே இல்லையென்றால் பாலம் இல்லை. இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிறைந்துவிட்டாலும் பாலம் இல்லை. அதிகாலையில் மணல் கெட்டியாக இருப்பதும் மத்தியானம் இளகிவிடுவதும் இந்த ஈரத்தால்தான். தீவின் உள்ளே காட்டுப் பாதைகள் மழை பெய்தால் நல்ல பாதைகளாகிவிடும். நம் ஊர் மண்சாலைக்கு நேர் எதிர்.

ஈர மணலில் கால் வைக்கும்போது காலைச் சுற்றி ஒரு வட்டம் சட்டென்று வெளுத்து உலர்ந்ததுபோல் ஆவதைக் கவனித்திருப்பீர்கள். மிதித்தால் தண்ணீர் பிதுங்கி வரத்தானே வேண்டும்? இதற்கு 1885இல் விடை சொன்னவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். இறுக்கமாக அடுக்கிய பருக்கைகளை அழுத்தினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் நகர முடியும், அதனால் இடைவெளி பெரிதாகிறது, மேலே இருந்த தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சப்படும் அந்தக் கணத்தில் மணல் கல்லாக நிற்கிறது. டயருக்கு அது போதும், ஏனென்றால் அடுத்த கணம் டயர் அங்கே இருக்காது. நின்றுவிட்டால் கதை வேறு. தண்ணீர் சுற்றிவந்து நிரம்பும், ஒவ்வொரு அலையும் சக்கரத்தடியில் அரிக்கும். அலை விளிம்பில் போட்டோ எடுக்க நிறுத்தியவர்களின் வண்டி கண்ணெதிரே சாய்ந்த கதை எல்லாக் கிளப்பிலும் ஒன்றாவது இருக்கும்.

ஆக நல்ல சாலை என்பது கடல் வற்றும்போது மட்டும் திறக்கிற சாலை. ஒரு கடல் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் வற்றம் நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகும். சனிக்கிழமை காலை 9 மணிக்கு வற்றம் என்றால் திங்களன்று 10.40. கூடாரத்தை எப்போது பிரிப்பது, காலைச் சோற்றை எப்போது ஆக்குவது என்பதை நிலா முடிவுசெய்கிறது. ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கடற்கரையில் ஓட்டாதீர்கள் என்பது பூங்காத் துறையின் அறிவுரை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் இன்னும் மேலே வரும். அப்போது தண்ணீருக்கும் மணல்மேட்டுக்கும் நடுவே வண்டி அளவு இடம்கூட மிஞ்சாது.

ஓட்டுகிற விதத்திலும் இதே இயற்பியல்தான். பிரேக் பிடித்தால் சக்கரம் முன்னால் மணலைக் குவிக்கும், கிளம்பும்போது அந்தக் குவியலில்தான் ஏற வேண்டும். ஆகவே காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக நிற்க விடவேண்டும். சக்கரம் சுழன்றால் தன் அடியில் இருக்கும் மணலைப் பின்னால் வாரி எறிந்து தனக்கே குழி தோண்டும், எனக்கு நடந்தது அதுதான். இன்ஜின் விசையை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்புக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் சமமான விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லையென்றால் மற்றதற்கும் அந்தக் கொஞ்சம்தான். அதைப் பூட்டிவிடும் லாக்கைப் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். ஆனால் காற்றை இறக்காமல் லாக்கை நம்புகிறவர் இரண்டு குழியைச் சேர்த்துத் தோண்டுகிறார், அவ்வளவுதான்.

கயிறு கட்டி இழுப்பது கடைசி வழி. அதற்கென்றே நைலான் பட்டை உண்டு, ரப்பர்போல நீளும். இழுக்கும் வண்டி ஓடிவந்து பட்டையை இழுக்க, அதில் சேரும் ஆற்றல் புதைந்த வண்டியை மெல்லப் பிடுங்கும். இரண்டரை டன் வண்டி மணிக்கு 10 கிலோமீட்டரில் வந்தாலே, ஒரு டன் எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்ட அளவு ஆற்றல் அதில் இருக்கிறது. டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் பட்டையைக் கட்டி, குண்டு பிய்த்துக்கொண்டு பறந்து, ஆஸ்திரேலியாவில் உயிர்கள் போயிருக்கின்றன. பட்டை மாட்டியதும் எங்கள் கிளப்பில் எல்லோரும் தூரப் போய்விட வேண்டும், வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் முதலில்.

திங்கள் மத்தியானம் படகில் திரும்பி வந்ததும் எதிர்வேலை. காற்றை இறக்க ஐந்து நிமிடம் என்றால் ஏற்ற அரை மணி. சோம்பல்பட்டு 18லேயே நெடுஞ்சாலையில் ஏறினால் என்ன? 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பதினோரு தடவைக்கு மேல் சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் மடங்கி நிமிரும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடாவதுபோல ரப்பரும் சூடேறும், கடைசியில் வெடிக்கும். பஞ்சர் கடைக்காரர் சொன்னது தார்ச்சாலைக்கு முழுக்கச் சரி.

கம்ப்ரசர் ஒவ்வொன்றாக இரைய ஆரம்பித்தது. அதன் குழாயைத் தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. காற்றை நெருக்கினால் சூடேறும், சைக்கிள் பம்ப் அடித்தவருக்குத் தெரியும். வெயிலும் சேர, நான்கு டயரிலும் 36 பாயிண்ட் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். மறுநாள் காலை வீட்டு வாசலில் மறுபடி அளவு வைத்துப் பார்த்தால் 34. எங்கும் ஒழுகவில்லை. 5, 6 டிகிரி குளிர்ந்தால் ஒரு பாயிண்ட் இறங்கும், ராத்திரி நன்றாகக் குளிர்ந்திருந்தது.